நொளநொளாவின் குழாய்களை அறுத்தது யார்?

"யார் மேடம் அறுத்தது?"

முருகேசன் என்னைத்தான் கேட்டார். ஆனால் பார்வை சுவரை விட்டு நகரவில்லை. ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டை ஒட்டி ஒரு விளையாட்டு அறை உண்டு. அதன் நீலச் சுவரில் நாங்கள் ஒரு கிரகத்தையே ஒட்டி வைத்திருந்தோம். அட்டையில் வரைந்த விசித்திர ஜந்துக்கள்; எது எதைத் தின்னும் என்று காட்ட, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள். அவருடைய மகள் பவித்ரா வரைந்த ஜந்து மட்டும் கீழே ஓரமாகத் தனியே கிடந்தது. அதிலிருந்து ஒரு குழாய் போகவும் இல்லை, அதற்கு ஒரு குழாய் வரவும் இல்லை.

"போன வாரம் நானே பாத்தேன். எல்லா குழாயும் இதுலதான் வந்து சேந்துது. இப்போ ஒண்ணுகூட இல்ல. எம்பொண்ணு இவங்களுக்கு இன்னா பண்ணா? சீக்குல கெடக்கிற எடத்துலகூட ஒதுக்கி வெப்பாங்களா மேடம்?"

காலை இட்லி வந்துபோன நேரம். சாம்பார் வாசனையும் ஃபினாயில் வாசனையும் கலந்து அடித்தது. அவர் முகக்கவசம் தாடைக்கு இறங்கியிருந்தது. பெங்களூர் எல்லையில் அத்திபெலேயில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். எத்தனை முறை கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. அந்த விரலால் அட்டையைத் தொடப் போனவர், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

அறுத்தது யாரென்று எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டிருந்தார்கள், ஒருவர் அல்ல, இரண்டு பேர்.

வெட்டுக்கிளி என்ன செய்தது

இந்தப் பத்தியில் போன வாரம், எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்து சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்ததைச் சொன்னேன். அந்தச் சண்டைக்கு மூலகாரணம் ஒரு வெட்டுக்கிளி என்பதைச் சொல்ல விட்டுப்போயிற்று.

புல்லை வெட்டுக்கிளி தின்னும், வெட்டுக்கிளியைத் தவளை தின்னும், தவளையைப் பாம்பு, பாம்பைக் கழுகு. நான் படித்த காலத்திலும் இதுதான், நான் நடத்திய காலத்திலும் இதுதான். அந்த வெட்டுக்கிளிக்கு சாவே கிடையாது போல. எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகளோ அடுக்குமாடியில் பிறந்து, லிஃப்டில் இறங்கி, வேனில் ஏறி, நேராக வகுப்புக்கு வருகிறவர்கள்.

ஒரு பையன் எழுந்து சொன்னான். "மிஸ், நான் வெட்டுக்கிளியைப் பாத்ததே இல்ல. ஏலியன்னா பாத்திருக்கேன். கேம்ல."

வகுப்பே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னதில் என்ன தப்பு? பார்க்காத வெட்டுக்கிளியும் பார்க்காத வேற்றுக்கிரகத்து ஜந்துவும் அவனுக்கு ஒன்றுதானே? அப்படியானால் ஏலியனிலிருந்தே தொடங்குவோம் என்று புத்தகத்தை மூடி வைத்தேன்.

"சூரியனே இல்லாத ஒரு கிரகம். தரைக்கு அடியிலேருந்து சூடு மட்டும் வருது. அங்க முதல்ல யாரு சாப்பாடு செய்வா? அவனை யாரு தின்பா? தின்னவன் செத்தா என்ன ஆகும்?"

அன்றைக்கு மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை. வெட்டுக்கிளியை மனப்பாடம் செய்துவிடலாம், இதைச் செய்ய முடியாது. யோசித்தே ஆக வேண்டும். நாலு வாய் வைத்த ராட்சசனை வரைந்து வந்து பெருமையாக நீட்டியவனிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: "நாலு வாய்க்கும் சோறு எங்கடா?" அவன் அடுத்த நாள் மூன்று வாயை அழித்துவிட்டு வந்தான். உணவு வலை என்றால் என்னவென்று அவனுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எக்ஸாம்ல ஏலியன் வருமா மேடம்?" என்று கேட்டார் எங்கள் ஒருங்கிணைப்பாளர். வராதுதான். வார்த்தை தடித்தது. எனக்கும் வாய் நீளம். வெளியே வந்துவிட்டேன்.

மண்ணுக்கு அனுமதி இல்லை

வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். என் கணவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் பயத்தோடு. அப்போதுதான் ஒரு தோழி மூலமாக இந்த ஆஸ்பத்திரி. ரத்தப் புற்றுநோய்க்கு மாதக்கணக்கில் தங்கி வைத்தியம் பார்க்கும் குழந்தைகள். ஓசூர், கிருஷ்ணகிரி, கோலார் என்று பல ஊர்ப் பிள்ளைகள். பள்ளிக்கூடம் விட்டுப்போகாமல் இருக்க, தமிழும் கொஞ்சம் கன்னடமும் தெரிந்த ஒரு டீச்சர் வேண்டும் என்றார்கள்.

முதல் நாள் ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, மணி பிளாண்ட் கொடியை வைத்து எடுத்துக்கொண்டு போனேன். வார்டு வாசலில் சிஸ்டர் ஸ்டெல்லா வழிமறித்தார். பிரேசர் டவுன்காரர். குரலைக் கேட்டால் டாக்டர்களே ஓரமாக நடப்பார்கள்.

"இன்னா மேடம் அது கையில?"

"மணி பிளாண்ட். பிள்ளைங்களுக்கு வேர் காட்டலாம்னு..."

"வேர் காட்டப் போறீங்களா? அந்தத் தண்ணியில கீற கிருமி போதும், என் புள்ளைங்களைத் தூக்கிக்கினு போறதுக்கு. வெளிய வெச்சிட்டு கையைக் கழுவிக்கினு வாங்கோ."

அப்புறம்தான் புரிந்தது. பூ கூடாது, இலை கூடாது, மண் கூடாது, தொட்டி மீன் கூடாது. ஏற்றுகிற மருந்து நோயோடு சேர்த்து உடம்பின் எதிர்ப்பு சக்தியையும் அடித்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்த ஒரு தாய், வாசலிலேயே அதைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போனதைப் பார்த்தேன். ஜன்னல்களும் திறக்காது. உயிருள்ள எதையும் காட்ட முடியாத இடத்தில் நான் உயிரியல் நடத்த வேண்டும். நல்ல வேலைதான் கிடைத்தது எனக்கு என்று நொந்துகொண்டேன்.

என் கிரகம் அங்கேதான் கைகொடுத்தது. அதில் மண் கிடையாது, கிருமி கிடையாது. அட்டையை லேமினேட் செய்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டால் ஸ்டெல்லாவும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் ஜந்துக்களை இணைக்க நான் வைத்திருந்த உல்லன் நூலைப் பார்த்ததும் "தூசி" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். மறுநாள் அவரே ஒரு பை நிறைய சலைன் குழாய்களைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டார். பிரிக்காத பாக்கெட்டுகள், தேதி தாண்டியவை. "பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கங்கோ. இது சுத்தம்."

பள்ளியில் அம்புக்குறியை எந்தப் பக்கம் போடுவது என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். தின்பவனிலிருந்து போடுவதா, தின்னப்படுபவனிலிருந்து போடுவதா என்று எல்லாப் பிள்ளைகளும் குழம்புவார்கள். இங்கே ஒரு குழந்தைகூடக் குழம்பவில்லை. "இதுலேருந்து அதுக்கு ஏறுது" என்றார்கள், அவ்வளவுதான். ஏழு வயதுக் குழந்தைக்குக்கூட அது தெரிந்திருந்ததே என்று அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சிங்கம் வேண்டாம்ப்பா

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி வைத்த ஜந்துதான் வேண்டும். கேட்பானேன்? மஞ்சு என்ற கன்னடப் பையன், அங்கிருந்தவர்களிலேயே பெரியவன், உடம்பெல்லாம் ஊசியாக ஒன்றை வரைந்து 'சூஜிமாமா' என்று பெயர் வைத்தான். ஊசிக்கு கன்னடத்தில் சூஜி. கோலாரிலிருந்து வந்த சமீர், வாண்டு, உருண்டையாக ஒன்று வரைந்தான். கால் கிடையாது, உருண்டு உருண்டு போய், தரைச் சூட்டில் வளரும் பாசியைத் தின்னும். பெயர் லட்டு. லட்டைச் சூஜிமாமா தின்பார். சமீருக்கு அதில் வருத்தமே இல்லை. "நிறைய லட்டு இருக்கு டீச்சர்" என்றான்.

பவித்ரா ஆறாம் வகுப்பில் இருந்தபோது நோய் வந்தவள். சோறு இறங்காவிட்டாலும் வாய் இறங்காது. அவள் ஒன்றும் வரையாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"மிஸ், இதெல்லாம் செத்தா எங்க போவும்? அப்படியே குப்பையா சேந்துக்கினே இருக்குமா?"

கதவோரம் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த ஒரு தாய் சலைன் கம்பியைத் தள்ளிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அந்த வார்டில் 'சாவு' என்ற சொல் கிடையாது. ஒரு கட்டில் காலியானால், "டிஸ்சார்ஜ் ஆயிட்டான்" என்பார்கள். டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அதே சொல். பிள்ளைகளும் "எப்போ? அவங்க டாட்டா சொல்லலையே?" என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஆனால் பவித்ரா கேட்டது பாடத்தில் இருக்கிற கேள்வி. மட்கவைக்கிறவர்கள் இல்லாத உணவு வலை பொய். நான் அதைச் சொன்னேன். அவள் உடனே வரைந்தாள்: ஈரத் துணி மாதிரி ஒன்று. கண் இல்லை, வாய் இல்லை, பல் இல்லை. மேலே விழுந்த பிணத்தை மூடிக்கொண்டு மெல்ல கரைத்துவிடும். அதன் முதுகில் கசிகிற ஈரத்தில்தான் பாசி முளைக்கும். பெயர் நொளநொளா.

அடுத்த நாள் பார்த்தால் கிரகமே அதன் தலையில் நின்றது. எல்லா ஜந்துவிலிருந்தும் அதற்கு ஒரு குழாய். அதிலிருந்து பாசிக்கு ஒரு குழாய். பாசி இல்லாவிட்டால் யாருக்கும் சோறு இல்லை.

முருகேசன் அன்றே என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டார். "செத்ததைத் தின்றதை ஏன் மேடம் எம்பொண்ணுக்குக் குடுத்தீங்க? சிங்கம் மாதிரி எதுனா குடுக்கக் கூடாதா?"

நான் பதில் சொல்வதற்குள் கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. "சிங்கம் வேணாம்ப்பா. சிங்கம் செத்தாலும் எங்கிட்டதான் வரணும்."

ஸ்டெல்லா திரும்பி நின்று சிரித்தார். முருகேசனும் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சூஜிமாமா போன பிறகு

வார்டுக்கு சனிக்கிழமைகளில் ஒரு கூட்டம் வரும். பலூன், கேக் படம் போட்ட தொப்பி, ஆளுயர பொம்மை வேஷம். "ஸ்மைல், ஸ்மைல்" என்று பிள்ளைகளைத் தொந்தரவு செய்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். நல்ல மனசோடுதான் வருகிறார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாந்தி எடுத்து முடித்த குழந்தையை எதற்கய்யா சிரிக்கச் சொல்கிறீர்கள்?

அப்படி ஒரு சனிக்கிழமைக்குப் பிறகு நான் போனபோது மஞ்சுவின் கட்டிலில் புது விரிப்பு. ஸ்டெல்லா என் முகத்தைப் பார்க்காமல், "டிஸ்சார்ஜ் ஆயிட்டான் மேடம்" என்றார். அறையைச் சுத்தம் செய்தவர்கள் சுவரிலிருந்த சூஜிமாமாவையும் கழற்றி எடுத்திருந்தார்கள். லட்டிலிருந்து போன குழாய் முனையில் பிளாஸ்திரியோடு தொங்கிக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். யாரும் மஞ்சுவைப் பற்றிக் கேட்கவில்லை. சமீர்தான் கேட்டான். "இப்போ லட்டை யார் சாப்பிடுவா?"

"யாரும் சாப்பிட மாட்டாங்க. அதனால லட்டு நிறைய ஆயிடும்" என்றாள் பவித்ரா.

அவனுக்குச் சந்தோஷம். "நிறையவா?"

"ம். நிறைய லட்டு சேந்து பாசி முழுக்க தின்னுடும். அப்புறம் பாசி இருக்காது. அப்புறம் எல்லா லட்டும் செத்துடும். அதையெல்லாம் நொளநொளா ஒரு நாள் தின்னும். அப்புறம் அதுக்கும் ஒண்ணும் இருக்காது."

நான் சொல்லிக்கொடுத்ததுதான். ஓர் எழுத்து பிசகாமல் சொன்னாள். சமீர் முகம் கோணி, "மேரா லட்டு பூக்கா மர்ஜாதா" என்று ஓவென்று அழுதான். என் லட்டு பட்டினியில் செத்துப்போகும் என்கிறான். மஞ்சுவுக்காக அழ அந்த வார்டில் அனுமதி இல்லை. லட்டுக்காக அழலாம். அவன் அழுத அழுகை லட்டுக்கு மட்டும் உரியதல்ல என்று எல்லோருக்கும் தெரியும்.

பவித்ரா அழவில்லை. "மிஸ், ஒருத்தர் போனா இவ்ளோ பேர் சாவணுமா?" என்று கேட்டாள்.

"அப்படி இல்ல. ஒண்ணையே நம்பிக்கிட்டிருந்தா சாகும். நாலு வழியில சாப்பாடு வந்தா, ஒண்ணு போனாலும் தாங்கிக்கும்" என்றேன். எந்த வகுப்பிலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். அவள் தலையாட்டினாள்.

தீபாவளி வரைக்கும்

பவித்ரா இன்று இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வைத்து உங்களை அழவைக்கிற வேலை எனக்குப் பிடிக்காது.

மழைக்காலத் தொடக்கத்தில் அவளுக்கு மருந்து கேட்கவில்லை என்று தெரிந்துவிட்டது. இளம் டாக்டர் ஒருவர் முருகேசனை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். இனி ஏற்றுகிற மருந்தால் வலிதான் கூடும். வீட்டுக்குக் கூட்டிப்போங்கள், வலிக்கு மருந்து நாங்கள் தருகிறோம், இருக்கிற நாள் அம்மாவோடும் தம்பியோடும் இருக்கட்டும் என்றார். தம்பி கைக்குழந்தை. கைக்குழந்தையை வார்டுக்குள் விடமாட்டார்கள். அதனால் அம்மாவும் வீட்டில். பவித்ரா தன் தம்பியை மாதக்கணக்கில் செல்போனில்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முருகேசன் முடியவே முடியாது என்றுவிட்டார். இன்னொரு கோர்ஸ் போடுங்க, இன்னொரு கோர்ஸ் என்பார். கூட்டிப்போனால் அவளுக்குத் தெரிந்துவிடும், அதுதான் அவர் பயம். என்னை வராந்தாவில் நிறுத்தி, "அவகிட்ட ஒண்ணும் மூச்சு விடாதீங்கோ மேடம். தீபாவளிக்கு வூட்டுக்குப் போலாம்னு சொல்லி வெச்சிக்கிறேன். அந்த நம்பிக்கையிலதான் ஒரு வாய் சாப்பிடறா" என்றார். அவள் எப்போது கேட்டாலும் அதே பதில். வூட்டுக்குப் போலாமாப்பா? தீபாவளிக்குப் போலாம்மா.

அந்த நாட்களில்தான் சுவரில் ஏதோ மாறுவதைக் கவனித்தேன். முதலில் லட்டிலிருந்து நொளநொளாவுக்கு வந்த குழாய் காணோம். அதற்குப் பதிலாக சமீர் புதிதாக ஒரு குட்டி ஜந்து வரைந்திருந்தான், செத்த லட்டைத் தின்ன. அப்புறம் இன்னொரு பெண் ஒரு காளான் வரைந்தாள். அதன் ஈரத்தில் பாசி முளைத்தது. ஒவ்வொன்றாகப் பிளாஸ்திரி உரிந்து வேறிடத்தில் ஒட்டிக்கொண்டே வந்தது. ஒருநாள் பவித்ரா பெஞ்சு மேல் ஏறி நின்று பாசியிலிருந்த கடைசிக் குழாயைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது பிடித்துவிட்டேன்.

"என்னடி பண்றே?"

"டிரான்ஸ்ஃபர் மிஸ்." இறங்கி உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. "நொளநொளாவுக்கு ஒடம்பு சரியில்ல. அது போறதுக்குள்ள வேலையெல்லாம் பிரிச்சுக் குடுத்துடணும். மஞ்சு அண்ணா மாதிரி திடீர்னு போனா சமீர் அழுவான்."

அவளே தொடர்ந்தாள், குரலைத் தணித்துக்கொண்டு.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க மிஸ். அவருக்குத் தெரியாது. பாவம், தீபாவளிக்கு வூட்டுக்குப் போலாம்னு நம்பிக்கினு கீறாரு."

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவரவர் மற்றவருக்காக மறைத்துக்கொண்டு, ஒரே கட்டிலருகே ராவும் பகலும் இருக்கிறார்கள். நடுவில் நான். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் எல்லார் மேலும் கோபம் வந்தது, கடவுள் உட்பட.

ஒரு அட்டை குடுங்க மேடம்

ஆகவே, அந்தக் காலை. யார் அறுத்தது என்று அவர் கேட்கிறார்.

வேறு ஏதாவது பிள்ளை பேரைச் சொல்லியிருக்கலாம். துடைக்கும்போது விழுந்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் அதுதான் மரியாதை. ஆனால் தன் மகளை எல்லோரும் ஒதுக்கிவிட்டார்கள் என்று அந்த மனுஷன் நினைத்துக்கொண்டிருந்தார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"பவித்ராதாங்க அறுத்தா."

"அவளா? ஏன்?"

"அது இல்லாம போனாலும் மத்ததுங்க பட்டினி கிடக்கக்கூடாதுன்னு. ஒவ்வொண்ணா பாத்துப் பாத்து வேற இடத்துல ஒட்டிட்டா."

அவர் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பஞ்சர் எங்கே என்று தேடுகிறவர் போல ஒவ்வொரு குழாயாகக் கண்ணால் தொடர்ந்துகொண்டு போனார். எல்லாம் வேறு வேறு இடத்தில் போய்ச் சேர்ந்தன. பிறகு பிள்ளைகள் உட்காருகிற குட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அவளுக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன்.

"யார் மேடம் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க."

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெளியே மருந்து வண்டி உருளும் சத்தம் கேட்டது. பிறகு அவர், "ஒரு அட்டை குடுங்க மேடம்" என்றார்.

கொடுத்தேன். சமீரின் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, டயருக்குக் கால் முளைத்த மாதிரி ஒன்றைக் கிறுக்கினார். எழுந்து போய் அதை நொளநொளாவுக்குப் பக்கத்தில் ஒட்டினார். கீழே கிடந்த குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து, நொளநொளாவிலிருந்து தன் டயருக்கு இணைத்து, பிளாஸ்திரியைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். தொழில்காரர் ஒட்டுவது அப்படித்தான்.

"அவ போனா ஒருத்தனுக்காவது பசிக்கணும்ல மேடம்" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா பவித்ராவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார், வகுப்புக்கு. அவள் கண் நேராகச் சுவருக்குத்தான் போயிற்று.

"இது யாருது?"

"என்னுது" என்றார் முருகேசன்.

"இன்னா தின்னும்?"

"உன் நொளநொளா குடுக்கறதை மட்டும்தான் தின்னும். வேற எதுவும் எறங்காது அதுக்கு."

"நொளநொளா போயிட்டா?"

அவர் டயர் மேல் ஒட்டிய பிளாஸ்திரியை இன்னொரு தடவை தேய்த்தார். ஸ்டெல்லா நாற்காலியின் கைப்பிடியை விடவே இல்லை.

"அதுவும் போயிடும்" என்றார் கடைசியில்.

"அப்போ தம்பிய யாருப்பா பாத்துப்பா?"

முருகேசன் தரையில் அப்படியே அவள் காலடியில் உட்கார்ந்து, அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கிருமி, முகக்கவசம் எதுவும் ஸ்டெல்லா சொல்லவில்லை. அவர் தோள் குலுங்கியது. பவித்ரா அவர் தலைமேல் கையை வைத்துக்கொண்டு, எனக்குச் சைகை காட்டினாள். இன்னொரு குழாய் வேண்டுமாம். வெட்டிக் கொடுத்தேன். நாற்காலியை நகர்த்தச் சொல்லி, எட்டி, பாசியிலிருந்து டயருக்கு ஒட்டினாள். பிளாஸ்திரி கோணலாக விழுந்தது.

"இனிமே இது பாசியும் தின்னும்" என்றாள்.

"அதுக்குப் பிடிக்காதும்மா."

"பிடிக்கலன்னா இன்னா? நீ குடுத்த மருந்தெல்லாம் எனக்குப் பிடிச்சா குடிச்சேன்? நீ சொன்னேன்னு குடிச்சேன்ல?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"வூட்டுக்குப் போலாம்ப்பா. தீபாவளி எல்லாம் வேணாம்."

"போலாம்மா" என்றார் முருகேசன். "இன்னைக்கே போலாம்."